நனைந்த நோட்டுகள்: சேர்த்து வைத்த குறிப்புகள் எப்போது கதையாகின்றன?

கேள்வி: 6 ஜனவரி 2024

பதினோரு ஆண்டுகளாகக் கைப்பேசியில் குறிப்புகள் சேர்த்து வருகிறேன். இன்று எண்ணிப் பார்த்தபோது 4,000-க்கும் மேல் இருந்தன. பேருந்தில் காதில் விழுந்த பேச்சு, கனவு, படித்ததில் பிடித்த வரி, கதைக்கான கரு என்று எல்லாம் கலந்து கிடக்கின்றன. ஆனால் ஒரு சிறுகதையைக்கூட நான் எழுதி முடிக்கவில்லை. மூன்று முறை செயலியை மாற்றினேன். ஒவ்வொரு முறையும் தலைப்பு வாரியாகப் பிரித்து அடுக்குவதிலேயே ஒரு மாதம் கழிந்தது. எந்த முறையில் அடுக்கினால் இவை படைப்பாகும்? மாதிரிக்கு மூன்று குறிப்புகளை அப்படியே தருகிறேன்.

ஒன்று: "மழைக்கு முந்திய மௌனம்." இரண்டு: "தனிமை: நான்கு சுவர்: கதை?" மூன்று: "அத்தை வீட்டுச் சுவர்க் கடிகாரம் எப்போதும் பத்து நிமிடம் முன்னதாகவே ஓடும். மாமா ரயிலைத் தவறவிட்ட நாளிலிருந்து அப்படித்தான் வைத்திருக்கிறேன் என்பாள்."

பதில்: 7 ஜனவரி 2024

அடுக்கும் முறையால் குறிப்பு படைப்பாவதில்லை என்பதே என் அனுபவம். உங்கள் முதல் இரண்டு குறிப்புகளில் அன்றைய மனநிலையின் பெயர் மட்டும் இருக்கிறது. மூன்றாவதில் ஒரு வீடும் ஒரு கடிகாரமும் இரண்டு மனிதர்களும் அவர்களுக்கு நடுவே சொல்லப்படாத ஒன்றும் இருக்கின்றன. நேற்று அதைப் படித்தது முதல் அந்த ரயில் எந்த ஊருக்குப் போகவிருந்தது என்று என் மனம் கேட்டுக்கொண்டே இருக்கிறது. மற்ற இரண்டும் எனக்குள் எதையும் கேட்கவில்லை.

8 ஜனவரி 2024

நேற்று எழுதியது முடிவை மட்டும் சொல்லிவிட்டது. அந்த முடிவுக்கு நான் எப்படி வந்தேன் என்பதையும் எழுதுகிறேன்.

நான் தூத்துக்குடி மாவட்டத்தில் ஆறுமுகநேரிக்கு அருகில் வசிக்கிறேன். உப்பளம் ஒன்றில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவன். உப்பளத் தொழிலாளர்களைப் பற்றி ஒரு நாவல் எழுத வேண்டும் என்ற எண்ணத்தில் 2009 முதல் 23 நோட்டுகளை நிரப்பியிருந்தேன். கடந்த டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில், பக்கத்துக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 செ.மீ. பதிவான அந்த மழையில், எங்கள் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் நின்றது. அரிசி மூட்டையையும் மருந்துகளையும் பரணில் ஏற்றிய நான், கட்டிலுக்கு அடியில் இருந்த தகரப் பெட்டியை மறந்துவிட்டேன். இரண்டு நாள் கழித்துத் திறந்தபோது, மைப் பேனாவால் எழுதிய ஒன்பது நோட்டுகளின் பக்கங்களில் நீலக் கறை மட்டும் மிஞ்சியிருந்தது. பால்பாயிண்ட் பேனாவால் எழுதியவை ஊறி ஒட்டிக்கொண்டிருந்தாலும் எழுத்து அழியவில்லை. அளத்தில் நின்றபடியே பென்சிலால் கிறுக்கிய இரண்டு சிறு நோட்டுகள்தான் எல்லாவற்றையும்விட நன்றாகத் தப்பியிருந்தன.

பக்கங்களுக்கு இடையில் பழைய செய்தித்தாளைச் செருகி, மின்விசிறிக்குக் கீழே பரப்பி, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை தாளை மாற்றினேன். அவை காயும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க முடியாமல், எவையெல்லாம் நினைவில் இருக்கின்றன என்று ஒரு புதிய நோட்டில் எழுதத் தொடங்கினேன். பத்து நாட்களில் 61 குறிப்புகள் நினைவுக்கு வந்தன. பதினான்கு ஆண்டுகளில் நான் எழுதியவை ஆயிரக்கணக்கில் இருக்கும். இந்த 61-இல் ஒன்றுகூட "உழைப்பின் வலி", "வெண்மையின் கொடுமை" போன்ற கருத்துக் குறிப்பு இல்லை. எல்லாமே ஒருவர் சொன்ன சொல்லாகவோ, செய்த செயலாகவோ, ஒரு பொருளின் விவரமாகவோ இருந்தன.

ஆகவே குறிப்புகளை மூடி வைத்துவிட்டு, நினைவில் நிற்பதைக் கொண்டு மட்டும் எழுதத் தொடங்குங்கள் என்பேன். நினைவே நல்ல சல்லடை.

11 ஜனவரி 2024

குறிப்புகளை அழித்துவிடச் சொல்கிறேனா என்று ஒருவர் கேட்டிருக்கிறார். இல்லை. மூடி வைக்கத்தான் சொன்னேன். ஒன்பது நோட்டுகளை இழந்தவன் யாருக்கும் அந்த யோசனையைச் சொல்ல மாட்டான்.

19 ஜனவரி 2024

என்ன படைப்பு என்று தெரியாமலே சேர்ப்பது வீண்வேலை என்று ஒரு வாசகர் எழுதியிருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. உ.வே. சாமிநாதையரை நினைத்துப் பாருங்கள். 1880-இல் கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் சொல்லித்தான் சீவக சிந்தாமணியின் பக்கம் அவர் திரும்பினார். அதற்கு நச்சினார்க்கினியர் எழுதிய உரையில் எடுத்துக்காட்டாக வரும் பல வரிகள் எந்த நூலைச் சேர்ந்தவை என்று உரையாசிரியர் சொல்லியிருக்க மாட்டார். சாமிநாதையர் அவற்றைக் கவனமாகக் குறித்துக்கொண்டே வந்தார். பின்னர் வேறு ஏடுகளைப் பிரித்தபோது அதே வரிகள் அங்கே கண்ணில் பட்டன; பத்துப்பாட்டு, எட்டுத்தொகை என்று ஒரு பேருலகமே அவருக்குத் திறந்தது. சிந்தாமணி 1887-இலும், பத்துப்பாட்டு 1889-இலும், புறநானூறு 1894-இலும் அச்சேறின. முதல் நூலுக்காக எடுத்த குறிப்புகள் அடுத்தடுத்த நூல்களுக்குச் சாவியாக அமைந்தன.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அவர் அழகான வரி என்பதற்காக மட்டும் எழுதி வைக்கவில்லை. இது எங்கிருந்து வந்தது என்ற கேள்வியோடு எழுதி வைத்தார். விடை தெரியாத கேள்வி குறிப்போடு சேர்ந்தே இருந்ததால்தான், ஏட்டில் அந்த வரியைக் கண்டவுடன் அவரால் அடையாளம் காண முடிந்தது. என் நோட்டுகளில் பெரும்பாலானவற்றில் அந்தக் கேள்வி இல்லை. "பலகை, ஆறு மணி, சிரித்தாள்" என்று 2013-இல் ஒரு குறிப்பு எழுதியிருக்கிறேன். மழைநீரால் அதற்கு ஒரு சேதமும் இல்லை, எழுத்துகள் முழுமையாக இருக்கின்றன. ஆனாலும் யார் சிரித்தாள், எதற்காகச் சிரித்தாள், அதை நான் ஏன் எழுதினேன் என்று எதுவும் தெரியவில்லை. தண்ணீர் கொண்டுபோன ஒன்பது நோட்டுகளைவிட இந்த ஒரு வரி என்னை அதிகம் வருத்துகிறது.

20 ஜனவரி 2024

நேற்றைய பதிவின் நடைமுறைப் பயன் இதுதான்: ஒவ்வொரு குறிப்போடும் "இது என்னை ஏன் நிறுத்தியது" என்று ஒரு முழு வாக்கியத்தை அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மறுநாள் எழுதினால் அந்தக் காரணம் மாறிவிடுகிறது.

4 பிப்ரவரி 2024

செயலிகளைப் பற்றிக் கேட்பவர்கள் பெரும்பாலும் ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமனின் குறிப்புச் சீட்டுப் பெட்டியைக் குறிப்பிடுகிறார்கள். 1950-களின் தொடக்கத்திலிருந்து 1990-கள் வரை ஏறத்தாழ 90,000 சீட்டுகள் எழுதிச் சேர்த்தவர் அவர். அவை இன்று பீலெஃபெல்ட் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. பலரும் தவறவிடும் செய்தி, அவர் தலைப்பு வாரியாக அடுக்கவில்லை என்பதாகும். ஒரு சீட்டுக்கு எண் கொடுப்பார். அதிலிருந்து ஒரு எண்ணம் கிளைத்தால், அதே எண்ணோடு ஓர் எழுத்தைச் சேர்த்து அடுத்த சீட்டை அதன் பின்னால் வைப்பார். புதிய சீட்டு எங்கே போகும் என்பதை அது எந்தப் பழைய சீட்டுக்கு மறுமொழி சொல்கிறது என்பதே முடிவு செய்தது. அதாவது ஒவ்வொரு முறை சேர்க்கும்போதும் பழையதைப் படித்தாக வேண்டும். நம் கைப்பேசி அந்த வேலையை நம்மிடம் கேட்பதில்லை. எழுதிய கையோடு மூடிவிடுகிறோம். 4,000 குறிப்புகளில் எந்த இரண்டும் ஒன்றையொன்று சந்தித்ததே இல்லை.

இதற்கு எதிர்முனையில் ஜெர்மானியச் சிந்தனையாளர் வால்டர் பெஞ்சமின் நினைவுக்கு வருகிறார். பாரிஸின் பழைய கடைத்தெருக் கூடங்களைப் பற்றி 1927 முதல் 1940-இல் இறக்கும் வரை மேற்கோள்களும் குறிப்புகளும் சேர்த்தார். எழுத்து வரிசையிட்ட கட்டுகளாகப் பிரித்தும் வைத்திருந்தார். நாஜிப் படை பாரிஸை நெருங்கிய காலத்தில் அவற்றை நூலகரும் எழுத்தாளருமான ஜார்ஜ் பதாயிடம் ஒப்படைத்துவிட்டு வெளியேறினார். பதாய் அவற்றைத் தேசிய நூலகத்தில் மறைத்து வைத்தார். நூலாக அது வெளிவந்தது 1982-இல்தான். பதின்மூன்று ஆண்டுச் சேகரிப்பு குறிப்பாகவே நின்றுவிட்டது என்று படித்தபோது, என் தகரப் பெட்டியை எண்ணி அச்சப்பட்டேன்.

5 பிப்ரவரி 2024

பெஞ்சமினைப் பற்றி நேற்று எழுதிய முறை நியாயமற்றது. துரத்தப்பட்டு, எல்லையில் வழி மறிக்கப்பட்டு, 48 வயதில் உயிரை விட்ட ஒருவர் நூலை முடிக்காததற்குக் குறிப்பெடுக்கும் முறையைக் காரணம் சொல்லக் கூடாது. மேலும், அந்தக் கட்டுகளை இன்று படிப்பவர்கள் மேற்கோள்களின் அடுக்கையே ஒரு படைப்பாகப் படிக்கிறார்கள்.

இதை எழுதும்போது நம் மாவட்டத்துக்காரரான இடைசெவல் கி. ராஜநாராயணன் நினைவுக்கு வருகிறார். கரிசல் மண்ணின் பேச்சு வழக்குகளைத் தொகுத்து 1982-இல் ஓர் அகராதியாகவே தந்தார். அதே சொற்கள் அவருடைய கதைகளிலும் உயிரோடு நடமாடுகின்றன. சேகரிப்பு கதையாகத்தான் மாற வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. சில சேகரிப்புகளுக்கு அகராதியே முழுமையான வடிவம். என் 23 நோட்டுகளில் உப்பளச் சொற்கள் மட்டும் தனியாக ஒரு நோட்டில் இருந்தன. தெப்பம், பாத்தி, தட்டுமேடு என்று தொடங்கும் அந்த நோட்டு கரைந்துபோன ஒன்பதில் ஒன்று. அதை மறுபடி தொகுப்பதை நாவலின் முன்வேலையாகக் கருதாமல் தனி வேலையாகவே செய்ய முடிவெடுத்திருக்கிறேன்.

25 பிப்ரவரி 2024

ஒரு கதை எழுதிவிட்டேன். பதினான்கு ஆண்டுகளில் நான் எழுதி முடித்த முதல் கதை. நோட்டுகளைத் திறக்காமல், நினைவிலிருந்த 61-இல் நான்கு குறிப்புகளைக் கொண்டு எட்டு நாட்களில் எழுதினேன்.

முதல் குறிப்பு தொழில் சார்ந்தது. கடல்நீர் ஏறக்குறைய 3 டிகிரி (நீரின் அடர்த்தியைச் சொல்லும் போமே அளவு) அடர்த்தியில், அதைத் தேக்கும் தெப்பத்துக்கு வரும். வெயிலிலும் காற்றிலும் ஒன்றன்பின் ஒன்றாகப் பல நிலைகளில் சுண்டும்போது முதலில் ஜிப்சம் படியும். 25 டிகிரியை ஒட்டித்தான் உப்பு பூக்கத் தொடங்கும். 29, 30-ஐத் தாண்ட விட்டால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசப்பேறும் என்பதால், மிஞ்சும் நீரை அதற்கு முன்பே வெளியேற்றிவிட வேண்டும். இரண்டாவது, தண்ணீரைக் கையால் தொட்டே டிகிரி சொல்லிவிடும் ஓர் ஆச்சியைப் பற்றியது. மூன்றாவது, ஒரு வீட்டில் பயன்படுத்தாமல் ஆணியில் மாட்டியிருந்த ஆண் செருப்பு. நான்காவது, உப்பு வாரும் நாளில் காற்று திரும்பிவிடக் கூடாது என்ற பேச்சு.

இந்த நான்கும் வெவ்வேறு ஆண்டுகளில், வெவ்வேறு இடங்களில் எழுதப்பட்டவை. தலைப்பு வாரியாக அடுக்கியிருந்தால் செருப்பு ஒருபோதும் டிகிரிக்குப் பக்கத்தில் வந்திருக்காது. நினைவில் அவை ஒரே நாளில் அடுத்தடுத்து வந்து நின்றதால்தான், அந்தச் செருப்பு யாருடையது என்ற கேள்வியும் அந்தக் கேள்வியிலிருந்து கதையும் பிறந்தன.

17 மார்ச் 2024

8 ஜனவரியில் நான் எழுதிய "நினைவே நல்ல சல்லடை" என்ற வாக்கியத்தைத் திரும்பப் பெறுகிறேன். அதை நம்பி யாராவது நோட்டுகளை மூடி வைத்திருந்தால், தயவுசெய்து திறந்துவிடுங்கள்.

மழை கரைத்த பாத்திகளைச் சீர் செய்து, எங்கள் பக்கத்து அளங்களில் மறுபடி உப்பு வாரத் தொடங்கியிருக்கிறார்கள். கதையை எடுத்துக்கொண்டு அந்த ஆச்சியைப் பார்க்கப் போனேன். இப்போது வேலைக்குப் போவதில்லை; திண்ணையில் உட்கார்ந்திருந்தார். படித்துக் காட்டினேன். தண்ணீரைத் தொட்டு அவர் டிகிரி சொல்லும் இடம் வந்ததும் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"எய்யா, அது நானில்லய்யா. அவரு. எனக்கு அந்தக் கை வரவே இல்ல."

வீட்டுக்கு வந்து பென்சில் நோட்டைப் பிரித்தேன். 2011 ஜூன் மாதத்துப் பக்கத்தில் தெளிவாக எழுதியிருந்தது: தொட்டுச் சொல்லும் திறமை அவருடைய கணவருக்கு இருந்தது, கணவர் இறந்த பிறகு இவர் ஒவ்வொரு முறையும் டிகிரி அளக்கும் கண்ணாடி மானியோடு வரும் மேற்பார்வையாளருக்காகக் காத்திருக்க வேண்டியிருந்தது. பதின்மூன்று ஆண்டுகளில் என் நினைவு அந்தத் திறமையைக் கணவரிடமிருந்து எடுத்து மனைவியிடம் கொடுத்துவிட்டது. உறுதியான பெண் ஒருத்தி எனக்கு வேண்டியிருந்தாள். நினைவு எனக்கு வேண்டியதைத் தயாரித்துக் கொடுத்தது. நடுப்பகலில் அவர் உப்பு வாருவதாகவும் எழுதியிருந்தேன். விடியும் முன்பே டார்ச் விளக்கோடு போய்விடுவார் என்றும், பத்து மணிக்கு மேல் வெண்மையின் கூச்சத்தில் கண் திறக்க முடியாது என்றும் அதே பக்கத்தில் இருக்கிறது.

சார்லஸ் டார்வின் தம் வரலாற்றில் சொல்லும் ஒரு வழக்கம் இங்கே பொருந்துகிறது. தம் முடிவுகளுக்கு எதிரான செய்தியோ எண்ணமோ கண்ணில் பட்டால் அதைத் தவறாமல் அக்கணமே எழுதி வைத்துவிடுவாராம். சாதகமானவற்றைவிட இத்தகையவையே நினைவிலிருந்து எளிதில் நழுவுகின்றன என்று பட்டறிவால் கண்டிருந்தார். 1837 ஜூலையில் உயிரினங்களின் மாற்றத்தைப் பற்றி முதல் நோட்டைத் தொடங்கியவர், 1842-இல் பென்சிலால் 35 பக்கச் சுருக்கம் எழுதினார். 1844-இல் அதை 230 பக்கமாக விரித்தார். நூலாக வெளியிட்டது 1859 நவம்பரில். இந்த 22 ஆண்டுகளையும் தயக்கத்தின் கதையாகவே நான் படித்திருந்தேன். எதிர்ச் செய்திகளை மறக்காமல் காத்து வைத்து, அவற்றுக்கு விடை தேடிய காலமும் அதில் இருக்கிறது என்பது இப்போதுதான் எனக்கு உறைக்கிறது.

நினைவு எதைத் தொடங்க வேண்டும் என்று காட்டியது. அது உண்மையா என்பதை நோட்டுதான் சொன்னது. எனவே முதல் வரைவை நோட்டு இல்லாமலும், இரண்டாம் வரைவை நோட்டு திறந்திருக்கும்போதும் எழுதுவது என்று மாற்றிக்கொண்டேன்.

18 மார்ச் 2024

ஒன்று விட்டுப்போயிற்று. கதையில் அவர் பெயரைப் போடலாமா என்று கேட்டேன். "எம் பேரு வேண்டாம்ய்யா. அவரு கைய மட்டும் எழுது" என்றார். ஆணியில் மாட்டிய செருப்பு வேறொரு வீட்டில் நான் பார்த்தது. அதை இவர் வீட்டுக்கு மாற்றியதைப் பற்றி அவரிடம் சொன்னபோது, சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, இருக்கட்டும் என்றார்.

புனைவில் மாற்றலாம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் தெரிந்து மாற்றுவதும் தெரியாமல் மாறிப்போவதும் ஒன்றல்ல. செருப்பை நான் தெரிந்து மாற்றினேன். கை எனக்குத் தெரியாமல் மாறியது.

14 ஏப்ரல் 2024

கதையைத் திருத்தி எழுதியதில் அதன் உடலே மாறிவிட்டது. முன்பு, கைத்திறன் உள்ள ஒரு பெண்ணின் பெருமையைச் சொல்லும் கதையாக இருந்தது. இப்போது, கணவன் கையில் இருந்த அறிவு அவனோடு போய்விட, தண்ணீருக்குள் கையை வைத்து எதுவும் தெரியாமல் இருட்டில் நிற்கும் பெண்ணின் கதையாகிவிட்டது. நான் கற்பனை செய்ததைவிட அவர் வாழ்ந்தது பெரிதாக இருந்தது.

ஒரு குறிப்பைப் பயன்படுத்திய பிறகு என்ன செய்வது என்று கேட்டவருக்கு: ரஷ்ய எழுத்தாளர் செகாவ் தம் குறிப்பேட்டிலிருந்து ஒன்றை எடுத்துக் கதையில் வைத்துவிட்டால், அந்தக் குறிப்பை அடித்துவிடுவார். நானும் அப்படியே செய்கிறேன். ஆச்சியின் பக்கத்தை மட்டும் அடிக்கவில்லை.

தப்பிய 14 நோட்டுகளையும் இப்போது கையால் படியெடுத்துக்கொண்டிருக்கிறேன். புகைப்படம் எடுத்து வைத்தால் ஒரே நாளில் முடிந்துவிடும் என்று என் மகள் சொல்கிறாள். பாதுகாப்புக்காக அதையும் செய்துவிட்டாள். ஆனால் படியெடுக்கும்போதுதான் ஒவ்வொரு வரியும் இன்னும் வேண்டுமா என்று கை கேட்கிறது. வெறும் கருத்துக் குறிப்புகளை எழுத மணிக்கட்டு மறுக்கிறது, அவற்றை விட்டுவிடுகிறேன். "வெண்மையின் கொடுமை" மூன்று நோட்டுகளில் ஐந்து முறை வருகிறது. அதைப் படியெடுக்காமல், பத்து மணிக்கு மேல் கண் திறக்க முடியாது என்று ஆச்சி சொன்னதை எழுதிக்கொண்டேன்.

2 ஜூன் 2024

சொல் நோட்டில் 112 சொற்கள் மறுபடி சேர்ந்துவிட்டன. ஒவ்வொன்றையும் யார், எந்த வேலையின் நடுவே சொன்னார் என்பதோடு எழுதுகிறேன். ஒட்டிக்கொண்ட பக்கங்களில் இன்னும் பிரிக்க முடியாதவை நாற்பது வரை இருக்கும். ஆவியில் காட்டி மெல்லப் பிரித்துப் பார்க்கிறேன்.

முதலில் கேள்வி கேட்டவர் மூன்றாவது குறிப்பை வைத்து ஆறு பக்கம் எழுதியிருப்பதாகவும், மாமா வேலை தேடி ஊரைவிட்டுப் போகப் பார்த்த நாளாக அந்த ரயிலை அமைத்திருப்பதாகவும் சொல்கிறார். படித்தேன். கடிகாரம் வரும் இடங்கள் எல்லாம் நன்றாக இருக்கின்றன. ஊரைவிட்டுப் போகும் பகுதியில் மட்டும் மொழி திடீரென்று பொதுவாகிவிடுகிறது. அந்த இடம் உங்கள் ஊகம் என்பது தெரிகிறது. அத்தை இன்னும் இருக்கிறார் என்று எழுதியிருந்தீர்கள். அது எந்த ரயில், மாமா எங்கே போகவிருந்தார் என்று அவரிடம் கேட்டீர்களா?